தட்டு சார் காத்திருந்த படம்

உறையைக் கிழிக்கமாட்டார். ஓரத்தில் விரலால் தண்ணீர் தொட்டு வைத்து, பசை இளகும்வரை காத்திருந்து, அப்புறம்தான் பிரிப்பார். பிரித்ததும் உள்ளே இருப்பதைப் பார்த்துவிடவும் மாட்டார். படத்தைக் குப்புறக் கவிழ்த்து மேஜைமேல் வைப்பார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார், மாட்டுவார், ஆறிப்போன டீயில் ஒரு வாய் குடிப்பார், தொண்டையைச் செருமிக்கொள்வார். "சரி, வா" என்று படத்தைக் கூப்பிட்டுவிட்டுத்தான் திருப்புவார். பரீட்சை முடிவு பார்க்கிற பிள்ளையின் முகம் அப்போது அவருக்கு வந்துவிடும். ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருப்பவர் என்றால் நம்பமுடியாது.

அந்த முகம் அதிக நேரம் நிற்காது. "பூச்சி" என்பார். அல்லது "தெருவிளக்கு" என்பார். மீதி டீயைக் குடித்துவிட்டு அடுத்த உறையின் ஓரத்தில் தண்ணீர் தொடுவார்.

அரசாங்கத்தில் இப்படி ஒரு வேலை இருப்பதே பலருக்குத் தெரியாது. வானத்தில் பறக்கும் தட்டு போனது, படம் எடுத்துவிட்டேன், வேற்று உலகத்துக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று பொதுமக்கள் அனுப்புகிற படங்களை விசாரித்துப் பதில் சொல்லவேண்டும். வான் போக்குவரத்துத் துறைக் கட்டடத்தில், லிஃப்ட் நின்றுவிடும் மாடிக்கு மேலே இன்னும் ஒரு மாடி ஏறினால் அவருடைய அறை. கதவில் 'பிரிவு' என்று எழுதியிருக்கிறது. பிரிவில் அவர் ஒருவர்தான். அவரே அதிகாரி, அவரே எழுத்தர், ஜன்னல் திரையைத் துவைக்க எடுத்துப் போகிறவரும் அவரே. கட்டடம் முழுக்க அவரைத் 'தட்டு சார்' என்றுதான் கூப்பிடுகிறது. கேன்டீன் வரிசையில் அவர் நின்றால், "சாருக்குத் தட்டு வேண்டாம்பா, அவர்கிட்டயே இருக்கும்" என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இதே நகைச்சுவை. அவரும் சளைக்காமல் சிரித்து வைக்கிறார்.

ஒருமுறை ஒருவர் அனுப்பிய படத்தில், மொட்டைமாடிக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு தட்டு ஒயிலாகச் சாய்ந்து பறந்துகொண்டிருந்தது. சார் அந்த வீட்டுக்கே போனார். மாடியைப் பார்த்தார், இறங்கி வந்தார், குடிக்கத் தண்ணீர் கேட்டபடி சமையலறை வாசலில் போய் நின்றார். அலமாரியில் ஓரம் நசுங்கிய பாத்திர மூடி ஒன்று இருந்தது. "இது எப்படிம்மா நசுங்கிச்சு?" என்று கேட்டார். "அதைத்தான் சார் நானும் ரெண்டு மாசமா கேட்டுக்கிட்டிருக்கேன், யாரும் வாயைத் திறக்கமாட்டேங்கறாங்க" என்றார் அந்த வீட்டு அம்மாள். கூடத்தில் கணவர் அவசரமாகச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். 'வீட்டு உபயோகப் பொருள்' என்று மட்டும் சார் அறிக்கையில் எழுதினார். குடும்பத்தில் குழப்பம் பண்ணுவது பிரிவின் வேலை இல்லை.

வேலைக்கென்று அவரிடம் ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதலில் படத்தைக் கணினியில் ஏற்றி, இருட்டான பக்கத்திலிருந்து ஆரம்பித்து மூலைக்கு மூலை வெளிச்சம் கூட்டிப் பார்ப்பார். இதற்கு அவர் வைத்த பெயர் 'கழுவிப் பார்ப்பது'. அப்புறம் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறிவிடுவார். படம் எடுத்தவர் எங்கே நின்றாரோ அங்கேயே, எந்த நேரத்தில் நின்றாரோ அந்த நேரத்திலேயே போய் நிற்பார். எடுத்தவர் குள்ளம் என்றால் இவரும் முழங்காலை மடக்கிக்கொள்வார். "நின்ன இடத்துல நின்னு பார்க்காம யாரையும் பொய்க்காரன்னு சொல்லக்கூடாது" என்பார். பல வீடுகளில், கூடத்தின் நடுவே முழங்காலை மடக்கிக்கொண்டு நிற்கும் அரசு அதிகாரியைப் பார்த்துக் குழந்தைகள் அழுதிருக்கின்றன.

இவ்வளவு படங்களை 'இல்லை, இல்லை' என்று தள்ளுகிறவர் நம்பிக்கையில்லாத ஆசாமியாகத்தான் இருக்கவேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது அவரைத் தெரியாதவர்களின் நினைப்பு. அவருடைய மேஜையில் மூன்று ரப்பர் முத்திரைகள் உண்டு. 'இயற்கை', 'மனிதர் செய்தது' என்ற இரண்டும் மைபட்டுக் கறுத்துப் போய்விட்டன. மூன்றாவது 'காரணம் அறியப்படவில்லை'. அதன் ரப்பர் வாங்கிய அன்று இருந்த ரோஜா நிறத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் மற்ற இரண்டோடு அதையும் எடுத்துத் துடைத்து வைக்கிறார்.

"இல்லைன்னு சொல்றதுல எனக்கென்ன சார் சந்தோஷம்?" என்று ஒருநாள் பிரிவுக்குத் தெரியாத்தனமாக ஏறி வந்த கணக்குப்பிள்ளையிடம் கேட்டார். "ஒண்ணே ஒண்ணு. ஒண்ணு மட்டும் என்னால சொல்லமுடியாததா வந்துட்டாப் போதும். இவ்ளோ பெரிய வானத்துல நாம மட்டும் தனியா உட்கார்ந்திருக்கோம்னா, நினைக்கவே ஒரு மாதிரியா இருக்கு." கணக்குப்பிள்ளை தலையாட்டிவிட்டு இறங்கிப் போய், சாருக்கு லீவு தேவைப்படுகிறது என்று எல்லோரிடமும் சொன்னார்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவிக்கு இந்த ஏக்கம் தெரியும். தெரிந்ததால்தான் கிண்டல் செய்கிறார். சார் வீட்டுக்குள் நுழைந்ததும், "ஏங்க, உங்க ஆளுங்க இன்னிக்காவது வந்தாங்களா?" என்று கேட்பார். "வழியில இருக்காங்களாம்" என்று சொல்லிவிட்டுச் சார் முகம் கழுவப் போவார்.

மழைக்காலத் தொடக்கத்தில் ஒருநாள், அஞ்சலில் போடவேண்டிய உறையைக் கையிலேயே எடுத்துக்கொண்டு ஒருவர் மாடி ஏறி வந்தார். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். மூச்சு வாங்கியதால் முதலில் பேசமுடியவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து உறையை நீட்டினார். கூடவே ஒரு சின்னக் கேமராவையும் மேஜைமேல் வைத்தார்.

"என் வீட்டுக்காரம்மா எடுத்தது சார். அவ இப்ப இல்ல. இதை எடுத்து ஒரு வாரத்துல போயிட்டா."

சார் உறையில் தண்ணீர் தொடுவதை நிறுத்தினார்.

"ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டு, 'ஏங்க, இங்க வந்து பாருங்களேன்'னா. நான் பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தேன். 'இதோ வர்றேன்'னேன். மறுபடியும் கூப்பிட்டா. நான் எந்திரிக்கல. அவளும் அப்புறம் விட்டுட்டா. எல்லாம் முடிஞ்சு ஒருநாள் கேமராவை எடுத்துப் பார்த்தா, கடைசிப் படமா இது இருக்கு."

"நாங்க உங்களுக்கு என்ன சொல்லணும்னு எதிர்பார்க்கறீங்க, ஐயா?"

"நான் எதைப் பார்க்காம விட்டேன்னு தெரியணும். அவ்ளோதான் சார்."

ஆள் எதிரே இருந்தாலும் சார் தன் பழக்கத்தை விடவில்லை. படத்தைக் கவிழ்த்து வைத்தார், கண்ணாடியைத் துடைத்தார், செருமினார். 'சரி, வா' என்று மனதுக்குள் சொல்லித் திருப்பினார். அந்தி வானம். எதிர்க் கட்டடங்களின் கூரைகளுக்கு மேலே, மூன்று உருண்டை வெளிச்சங்கள், முக்கோணமாக, ஒன்றோடொன்று சொல்லிவைத்துக்கொண்டதுபோல நின்றன. கீழ்ப்பாதி முழுக்கக் கறுப்பு. சார் வெகுநேரம் பார்த்தார். பூச்சி என்று சொல்லவில்லை. தெருவிளக்கு என்றும் சொல்லவில்லை. டீயை அன்றைக்குக் குடிக்கவே மறந்துபோனார்.

ஓட்டுநரின் வீடு ஒரு பழைய அடுக்குமாடியின் மேல்தளத்தில் இருந்தது. கூடத்துச் சுவர் நிறையப் படங்கள். பேருந்தின் முன்னால் ஓட்டுநர், மகளைத் தோளில் தூக்கிய ஓட்டுநர், தூங்கி வழியும் ஓட்டுநர். "எல்லாத்துலயும் நானும் பசங்களும்தான்" என்றார் அவர். "கேமரா அவ கையிலதான் இருக்கும். நீ போய் நில்லு, நான் எடுக்கறேன்னா கொடுக்கமாட்டா. 'நான் வந்தா படம் கெட்டுப்போயிடும்'பா." அந்த அம்மாளின் படம் ஒன்றே ஒன்று இருந்தது. அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது. கன்னத்தின்மேல் பாதி முத்திரை விழுந்திருந்தது, கண்கள் எதையோ கண்டு பயந்ததுபோல விரிந்திருந்தன. "அது அவ மாதிரியே இல்ல சார். வேற வழியில்லாம மாட்டி வெச்சிருக்கேன்."

சார் ஜன்னலருகே போய், அந்த அம்மாளின் உயரத்துக்கு முழங்காலை மடக்கி நின்றார். வழக்கமான கேள்விகளைக் கேட்டார். ஜன்னல் திறந்திருந்ததா, சாத்தியிருந்ததா என்பது அவற்றில் முக்கியமானது. மூடிய கண்ணாடியில் வீட்டுக்குள் எரியும் விளக்கு விழுந்து வானத்தில் மிதப்பதுபோலத் தெரியும். பாதி ஊர் அதைத்தான் படமெடுத்து அனுப்புகிறது.

"திறந்துதான் இருந்திருக்கும். அவளுக்குக் காத்து இல்லாம முடியாது."

ஆனாலும் சார் ஜன்னலைச் சாத்தி, கூடத்து விளக்கைப் போட்டுப் பார்த்தார். சுவரிலிருந்த ஒற்றைக் குழல்விளக்கு கண்ணாடியில் நீளக் கோடாக விழுந்தது. உருண்டையும் இல்லை, மூன்றும் இல்லை. அந்த நேரத்தில் அந்தப் பக்கம் விமானம் எதுவும் போகவில்லை என்று கட்டுப்பாட்டு அறை ஏற்கெனவே சொல்லியிருந்தது. எதிரே கோபுரம் இல்லை, கம்பம் இல்லை. அவர் ஜன்னலைத் திறந்து வெறும் வானத்தைப் பார்த்தபடி நின்றார். பேருந்தில் திரும்பும்போது இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டார்.

"உங்க ஆளுங்க வந்தாங்களா?" என்று மனைவி கேட்டார்.

"வந்திருப்பாங்க போலிருக்கு."

மனைவி கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார். கிண்டல் எதுவும் வரவில்லை. "நிஜமாவா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நிஜமா. என்னால ஒண்ணும் சொல்லமுடியல."

"நீங்க சொல்லமுடியலன்னு சொல்லி நான் கேட்டதே இல்லையே" என்றார் மனைவி. சாப்பாடு பரிமாறும்போது இரண்டு முறை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

அதற்குப் பின் வந்த நாட்களில் சார் ஆளே மாறிப்போனார். கேன்டீன் நகைச்சுவைக்கு நிஜமாகவே சிரித்தார். மூன்று வெளிச்சங்களையும் கணினித் திரை கொள்ளாத அளவுக்குப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். கீழே இருந்த கறுப்புப் பகுதியை மட்டும் கழுவிப் பார்க்கவில்லை. அது வெறும் கட்டட நிழல்தானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார். வேறு யாருடைய படமாக இருந்தாலும் அப்படி விட்டிருக்கமாட்டார். ஆசை கண்ணை மறைக்கும் என்பார்கள். அவருக்கு அரைப் படத்தை மறைத்துவிட்டது.

முத்திரை குத்துவதற்கு முன், ஓட்டுநர் சொன்னதையெல்லாம் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கவேண்டும். அதற்காக மறுபடியும் போனார். மேகம் மூடிய மாலை. கூடம் மங்கலாக இருந்தது. மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்துப் பார்த்த ஓட்டுநர் சங்கடமாகச் சிரித்தார்.

"இந்த வெளிச்சத்துல எழுத்தே தெரியல சார். முன்னாடி இங்க நல்ல விளக்கு தொங்கிச்சு. மூணு பல்பு போட்டது. அவ போனப்புறம் எனக்கெதுக்கு அவ்ளோ வெளிச்சம்னு கழட்டிப் பழைய சாமான்காரன்கிட்ட கொடுத்துட்டேன். இந்த டியூப் லைட்டு போதும்னு விட்டுட்டேன்."

சார் நிமிர்ந்து மேலே பார்த்தார். கூரையில் ஒரு கொக்கி இருந்தது.

"அன்னிக்கு அந்த விளக்கு எரிஞ்சுதா, ஐயா?"

"பேப்பர் படிச்சேனே சார். விளக்கில்லாம எப்படிப் படிப்பேன்?"

"ஜன்னல்?"

"அதான் சொன்னேனே, திறந்து..." ஓட்டுநர் நிறுத்தினார். "இல்ல, இருங்க. அன்னிக்குத் தூறல். காத்துல பேப்பர் பறக்குதுன்னு நான்தான் சாத்தச் சொன்னேன்னு நினைக்கிறேன். ஏன் சார்?"

"சும்மாதான் கேட்டேன்" என்றார் சார். கையெழுத்தை இன்னொரு நாள் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிக் காகிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எல்லோரிடமும் விளக்கு எரிந்ததா என்று கேட்டிருக்கிறார். அன்று எரிந்தது இதே விளக்குதானா என்று இந்த வீட்டில் கேட்கத் தோன்றவில்லை.

விளக்கு இப்போது இல்லை. எந்தக் குப்பையில் எந்த இரும்போடு கிடக்கிறதோ. ஓட்டுநருக்கும் விஷயம் புரியவில்லை. சார் வாயைத் திறக்காவிட்டால் அந்த மூன்று வெளிச்சங்களும் என்றென்றைக்கும் வானத்திலேயே இருக்கும். ரோஜா நிற ரப்பரில் முதல்முறையாக மை படும். ஓட்டுநருக்கும், மனைவி கடைசியாக ஒரு அதிசயத்தைக் கண்டாள் என்ற ஆறுதல் கிடைக்கும். இப்படி எல்லாப் பக்கமும் நியாயம் கிடைத்துவிட்டதால் சார் கொஞ்சம் பயந்தார்.

மறுநாள் காலை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, விட்டுவைத்திருந்த கறுப்புப் பகுதியைக் கழுவ ஆரம்பித்தார். வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். கட்டட நிழல் வெளுத்தது. அதற்குள்ளிருந்து ஒரு தோள் வந்தது, புடவையின் மடிப்பு வந்தது, மார்பருகே கேமராவைப் பிடித்த இரண்டு கைகள் வந்தன. பிறகு ஒரு முகம். கன்னத்தில் முத்திரை இல்லை. கண்ணில் பயம் இல்லை. கண்ணாடியில் விழுந்த தன் பிம்பத்தைத் தானே படம் எடுத்துக்கொண்டிருந்த அந்த அம்மாள், கீழுதட்டைக் கடித்து, சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார். சார் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மதியச் சாப்பாட்டுக்கு அவர் கீழே வராததைக் கேன்டீனில் எல்லோரும் கவனித்தார்கள்.

முகத்தைக் காட்டினால் விளக்கையும் சொல்லியாகவேண்டும். இரண்டும் ஒரே கண்ணாடியில் விழுந்தவை. ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றைக் கொடுக்க வழியில்லை.

அன்று மாலை மனைவி கேட்பதற்கு முன்னாலேயே, "விளக்கு" என்றார்.

"அவங்க வந்திருக்கக் கூடாதா" என்றார் மனைவி, யாரையோ கடிந்துகொள்வதுபோல. "உங்களைத் தவிர வேற யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது. சொல்லாம இருந்தா எனக்கு ஒரு படம் கிடைக்கும். சொன்னா அந்த மனுஷனுக்கு ஒண்ணு கிடைக்கும்."

"அப்ப நாளைக்கே போயிட்டு வந்துடுங்க" என்றார் மனைவி. "தள்ளிப்போட்டா உங்களுக்கு மனசு வராது."

மறுநாள் போனார். 'மனிதர் செய்தது' என்ற முத்திரையைக் குத்திவிட்டுத்தான் போனார். படியேறும்போது எப்படிச் சொல்வது என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் ஓட்டுநர் கதவைத் திறந்ததும் மறந்துபோனது.

"ஐயா, அது உங்க வீட்டு விளக்குதான். மூணு பல்பு போட்டதுன்னு சொன்னீங்களே, அது. ஜன்னல் கண்ணாடியில விழுந்து வானத்துல நிக்கற மாதிரி தெரியுது. வானத்துல அன்னிக்கு ஒண்ணும் வரல."

ஓட்டுநர் நின்றபடியே கேட்டார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்ப ஒண்ணுமே இல்லையா? ஒண்ணுமில்லாததுக்கா அவ ரெண்டு தடவை கூப்பிட்டா?"

சார் பையிலிருந்து வெளிச்சம் கூட்டி எடுத்த படத்தை வெளியே எடுத்தார். கவிழ்த்து வைக்கவில்லை. முகம் தெரியும்படி நேராகவே அவர் கையில் கொடுத்தார்.

ஓட்டுநர் பார்த்தார். அவருடைய வாய் மெல்லத் திறந்தது. "சிரிக்கறா" என்றார்.

"ஆமா, ஐயா."

"உதட்டைக் கடிச்சுக்கிட்டு சிரிக்கறா சார். இப்படித்தான் சிரிப்பா." படத்தை இன்னும் அருகில் கொண்டுபோனார். "வானத்தைப் பார்க்கலையே. எங்க பார்க்கறா?"

"கண்ணாடியில உங்களைத்தான் பார்க்கறாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே கண்ணாடியில தெரியறதை வந்து பாருங்கன்னு கூப்பிட்டிருக்காங்க. வேற யாரும் எடுத்துக் கொடுக்காத படம் இல்லையா? அதான் அவங்களே எடுத்துட்டாங்க."

"நானும் இருக்கேனா? எங்க சார்?"

"அவங்க தோளுக்குப் பின்னாடி பாருங்க."

ஓட்டுநர் எழுந்து, படத்தைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார். சிரிக்கும் முகத்தின் தோளுக்குப் பின்னால் ஒரு நாற்காலி இருந்தது. நாற்காலியில் இரண்டு முழங்கால்கள் தெரிந்தன. அதற்கு மேலே ஒரு விரித்த செய்தித்தாள், அதன் இரண்டு ஓரத்திலும் பிடித்திருந்த விரல்கள். முகம் இல்லை. ஓட்டுநர் குனிந்து பார்த்தார். கட்டைவிரலைச் செய்தித்தாளின் மேல் விளிம்பில் வைத்து மெதுவாகக் கீழே இழுத்தார். விரலை எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் அதே விளிம்பில் வைத்து இழுத்தார்.